கால் கிழக்கே

ஓடுகிறேன். தலைத்துண்டு விழுந்துவிட்டது. எடுக்கவில்லை.

விழுப்புரம். 1942 ஏப்ரல். ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஸ்டேஷனில் ரயில் இன்ஜின் ஊதுகிறது. விட்டு விட்டு இல்லை. ஒரே மூச்சாக, அபாயச் சங்கு மாதிரி ஊதுகிறது. அதற்கு மேலே இன்னொரு சத்தம். வடகிழக்கிலிருந்து. தூரத்தில் மாவு மெஷின் ஓடுவது மாதிரி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். டிசம்பர் 23 அன்று ரங்கூனில் கேட்டது. முதலில் மாவு மெஷின். அப்புறம் ஊளை. அப்புறம் தரை தூக்கிப் போடும்.

ரோட்டிலிருந்து எவனோ கத்துகிறான். "ஜப்பான்காரன் வர்றான்! படுங்க! ஜல்தி படுங்க!"

நான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறேன். படுக்க இடம் தேட வேண்டியதில்லை. காலையில் நானே வெட்டி வைத்த குழி நாலு எட்டில் இருக்கிறது. ஓடிப்போய்க் குதித்தேன். மல்லாந்து படுத்தேன். காதைப் பொத்திக்கொண்டேன்.

அது எனக்காக வெட்டின குழி இல்லை. அதற்குச் சொந்தக்காரன் மேலே கோரைப்பாயில் படுத்திருந்தான். பர்மா அகதி. முந்தின நாள் சாயங்கால வண்டியில் வந்து இறங்கினான். பெயர் சொல்ல நேரமில்லாமல் செத்துப்போனான். அவனுடைய இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை சாவுக்குப் பிறகும் சாவுக்குப் பயந்து, செத்தவன் குழியைப் பறித்துக்கொண்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தை ஓடவில்லை. பாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிணத்தின் முகத்தின் மேல் குனிந்து, முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். குண்டு விழுந்தால் முந்தானை தடுக்கும் என்பது போல. செத்தவனுக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

சத்தம் தலைக்கு மேல் வந்தது. போயிற்று. குண்டு விழவில்லை. அது யாருடைய ஏரோப்ளேன் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. இன்ஜின் மட்டும் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

அத்தை குழிக்குள் பார்த்தாள்.

"யாக்கோபு. தல மாறிப் படுத்துக்கினு இருக்கியே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் போக வேண்டும்.

என் பெயர் யாக்கோபு. திண்டிவனத்துக்குத் தெற்கே ரோட்டோரச் சேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. வேதபாடத்தில் எப்போதும் கடைசி. அப்பா சபைக்குக் குழி வெட்டுகிறவர். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எங்கள் வழக்கம் இது. பிரேதத்துக்குத் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்து நின்றதும் முகம் அவருக்கு நேராக இருக்க வேண்டும். அப்பா கயிறு பிடித்துப் பார்த்து வெட்டுவார். ஒரு சாண் திரும்பினாலும் மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி வெட்டுவார்.

நான் கயிறு பிடிப்பேன். கேள்வியும் கேட்பேன். எலும்பு எப்படி எழுந்திருக்கும்? எந்தச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்திருக்கும்? அடி விழும். கேள்வி போகவில்லை. அடி போய்விட்டது, அப்பா போனபோது.

1934-ல் ரங்கூன் போனேன். அரிசி ஆலையில் கூலி. கூட வந்தவன் சாலமோன். இந்த அத்தையின் மகன். நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்து அவன் தங்கை எஸ்தரைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு சேவல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்கு வராமல் தூங்குவேன். எஸ்தர் சேவலை என் தலைமாட்டில் விட்டுவிட்டுப் போவாள்.

குண்டு விழுந்தபோது ஆலைக் கூரை போயிற்று. கூட வேலை செய்தவர்கள் பதினொரு பேர் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் பிப்ரவரியில் கிளம்பினோம். புரோம் வரை வண்டி. அங்கிருந்து நடை. மலையைத் தாண்டினால் கடல். கடலுக்குப் போனால் படகு. எல்லாரும் அரிசி, சட்டி, துணி தூக்கினார்கள். நான் மம்பட்டியும் தூக்கினேன். ஊரிலிருந்து கொண்டுபோனது, கருவேலங்காம்பு. மலையேறப் போகிறவனுக்கு எதற்கு மம்பட்டி என்று வழியெல்லாம் சிரித்தார்கள். நான் சிரித்தேன். பிறகு அந்த வழியில் மம்பட்டி வைத்திருந்தவனைத்தான் எல்லாரும் தேடினார்கள்.

மலையில் ஆறாம் நாள். காலரா. எஸ்தருக்கு விடியும்போது பிடித்தது. சூரியன் மேலே வரும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சூரியன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சூரியனே தெரியவில்லை. மூங்கில் காடு. இரண்டு பக்கமும் மலை. பனி. திக்கு தெரியாத பள்ளம். கீழே ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

சாலமோன் கேட்டான். "கிழக்கு எதுப்பா?"

நான் ஓடையைக் காட்டினேன். தண்ணீர் போகும் பக்கம் கிழக்கு.

எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். தென்பெண்ணை கிழக்கே ஓடுகிறது. செஞ்சி ஆறு கிழக்கே ஓடுகிறது. மழை பெய்தால் எங்கள் தெருச் சாக்கடையும் கிழக்கே ஓடுகிறது. ரங்கூன் ஆற்றில் கடல் தண்ணீர் ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் ஓடுவதால் அதை நான் ஆறு என்றே சேர்த்ததில்லை. ஆகவே கால் ஓடை போகும் பக்கம். தலை ஓடை வரும் பக்கம். கயிறு பிடித்து வெட்டினேன். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். அடக்க ஆராதனையின் வார்த்தைகளை சாலமோன் சொன்னான். எனக்குப் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியையும் அவனுக்கே விட்டுவிட்டேன்.

நடந்தோம். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து நடை. சாயங்காலம் பனி விலகியது. ஓடை இன்னும் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. நேர் எதிரே, தண்ணீர் போகிற பக்கத்தில், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

சாலமோன் நின்றுவிட்டான். தண்ணீரைப் பார்த்தான். சூரியனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

அந்த ஓடை மேற்கே ஓடுகிறது. அந்த மலையில் எல்லா ஓடையும் மேற்கேதான் ஓடுமாம். கடல் அந்தப் பக்கம். படகைத் தேடி நாங்களும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தோம். அது என் மண்டையில் ஏறவில்லை. எஸ்தரைத் தலை மாற்றி வைத்துவிட்டேன்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். அதை எழுத எனக்கு வெட்கம். எழுதாவிட்டால் இது சாட்சி இல்லை. எழுந்து நிற்கத் தெரிந்தவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாதா என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். மூன்று நாளாகச் சோறு காணாதவன் சிரிப்பு. ஆனாலும் சிரிப்புதான்.

சாலமோன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

விடிந்ததும் துண்டை உதறிக் கட்டினான். "மம்பட்டியக் குடு. போயி சரி பண்ணிட்டு வந்துடறேன். மம்பட்டியும் திருப்பிக் குடுத்துடறேன்."

பேஜாரு பண்ணாதே என்றேன். ஒரு நாள் நடை ஏற்றம், ஒரு நாள் நடை இறக்கம், சோறு இல்லை, வழியெல்லாம் காலரா என்றேன். உனக்கு அவ்வளவு விசுவாசமா என்றும் கேட்டேன்.

"எனக்கு மட்டும் முழுசா இருக்குதா?" என்றான். "அரைதான் இருக்குது. அந்த அரைக்குத்தான் போறேன்."

ஒரு பிடி அவல் கொடுத்தேன். போனான். மலையிறங்கி வரும் கூட்டத்துக்கு எதிராக ஒருவன் மட்டும் போனான். தோளில் மம்பட்டி. வளைவில் மறைந்தான். ஜனங்கள் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஓடைக்கரையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களை எல்லாம் கேட்டேன். மம்பட்டி வைத்திருக்கிற ஆள், கன்னத்தில் மரு. ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் படகு தீர்ந்துபோகும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எழுந்து நடந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக. திரும்பிப் பார்த்தேனா என்று ஞாபகமில்லை. பார்த்திருப்பேன் என்று சொல்ல ஆசை.

மார்ச் கடைசியில் திண்டிவனம். ஸ்டேஷனில் அத்தை. பர்மா வண்டி வருகிறது என்று யாரோ சொல்லி, ஒரு வாரமாக வந்து நிற்கிறாளாம். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்காரன் என்று நினைத்து நகர்ந்தாள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

எஸ்தர் என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். அழுது முடிக்க நேரம் ஆயிற்று. பிறகு சாலமோன் என்று கேட்டாள்.

பின்னாடி வர்றான் என்றேன்.

முழுப்பொய் இல்லை. பின்னால்தான் இருந்தான். ரொம்பப் பின்னால்.

எந்த வண்டியானாலும் விழுப்புரத்தில் நின்றுதான் போகும். திருச்சி போகிறவன், காட்பாடி போகிறவன், புதுச்சேரி போகிறவன், எல்லாரும் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். அதனால் அத்தை விழுப்புரம் போனாள். நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் வெளியே அகதிகளுக்குக் கூழ் ஊற்றும் கொட்டகை. கேப்பைக் கூழ். அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊற்றும்போது குவளையைப் பார்க்கமாட்டாள். முகத்தைப் பார்ப்பாள். பாதிக் கூழ் தரையில். "பின்னாடி இன்னும் ஆளுங்க வர்றாங்களாப்பா?" என்று கேட்பாள். ஆமாம்மா, நிறையப் பேர் என்பார்கள். அவர்களும் என்னைப் போலத்தான். யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள்.

இறங்கியவர்களில் தினமும் ஒன்றிரண்டு பேர் செத்தார்கள். சொந்தம் இருந்தால் அவர்கள் எடுத்துப்போனார்கள். முஸ்லிம் என்று தெரிந்தால் பள்ளிவாசல் ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். எவருமில்லாதது மிச்சம். காலரா என்பதால் ஒருவரும் தொடவில்லை. விழுப்புரம் சபை ஐயர், அதாவது பாதிரியார், என்னைக் கூப்பிட்டார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே இடம் காட்டினார். நீ குழி வெட்டுவாயாமே என்றார். வெட்டுவேன், விசுவாசம்தான் கொஞ்சம் குறைச்சல் என்றேன். குழிக்கு அது தேவையில்லை என்றார் அவர். நல்ல மனிதர்.

அன்றிலிருந்து வெட்டினேன். இரவல் மம்பட்டி. எல்லாருக்கும் கால் கிழக்கே. காலையில் சூரியனைப் பார்த்து முளை அடிப்பேன். சாயங்காலம் இன்னொரு தடவை பார்ப்பேன். ஓடையை, வாய்க்காலை, எதையும் நம்பவில்லை. இவர்கள் எழுந்திருப்பார்களா? தெரியாது. ஒருவேளை எழுந்துவிட்டால் ஒருவரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. அவ்வளவுதான் என் விசுவாசம். ஈஸ்டர் அன்று விடியற்காலம் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. எல்லாரும் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு பாடினார்கள். நான் ஓரமாக நின்று புது மண்மேடுகளைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ஆழம் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தேன். நின்றுகொண்டே தூங்கிவிட்டேன்.

ஒவ்வொரு பிணத்தையும் மூடும் முன் அத்தை வந்து முகத்தைப் பார்ப்பாள். அந்தப் புதன்கிழமையும் அதற்குத்தான் வந்தாள். துணியை விலக்கினாள். சாலமோன் இல்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் குதித்தேன்.

இப்போது மறுபடி குழி.

தல மாறிப் படுத்துக்கினு இருக்கியே என்கிறாள். தலை கிழக்கே, கால் மேற்கே கிடக்கிறேன். குதித்த அவசரம். எஸ்தர் கிடந்த மாதிரி. மேலே வானம். முதுகில் ஈரம். அவள் பார்த்தது இதைத்தானோ. கண் மூடியிருந்தது, எதையும் பார்த்திருக்கமாட்டாள் என்று ஒரு புத்தி சொல்லியது. இன்னொரு புத்தி வாயைத் திறந்துவிட்டது.

"எஸ்தரையும் இப்படித்தான் வெச்சேன், அத்தே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை. சூரியன். என் சிரிப்பு. சாலமோன் எதிர்த்திசையில் போனது. நான் இரண்டு நாள் இருந்தது. பிறகு இல்லாமல் போனது. படுத்துக்கொண்டே சொன்னேன். நின்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. அதுவும் சௌகரியமாக இருந்தது.

இன்ஜின் ஊதுவது நின்றது. காக்கைச் சத்தம் மட்டும்.

"சாப்பிட எதனா எடுத்துக்கினு போனானா?"

"ஒரு பிடி அவல்."

"நீ எத்தினி நாள் நின்னே?"

"ரெண்டு நாள்."

"மூணா நாளும் நின்னிருக்கலாமேடா."

அவள் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்கு அப்புறம் நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். மறுபடி சொல்லவில்லை. அந்த ஒரு தடவையே எனக்கு இன்னும் தீரவில்லை.

கொஞ்சம் கழித்துக் கேட்டாள். அந்த மலையிலிருந்து நம் ஊர் எந்தத் திக்கு?

நான் யோசித்தேன். மலைக்கு மேற்கே கடல். கடலுக்கு இந்தப் பக்கம் நாம். மேற்கே என்றேன்.

"அப்போ நீ வெச்ச மாதிரி வெச்சா, ஏந்திரிச்சா நம்ம ஊரைப் பார்த்துக்கினு இருப்பா."

"ஆமா அத்தே."

"அதைப் போயித் திருப்பி வெச்சிருப்பானே, பாழாப்போனவன்."

முதலில் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். எது எங்கே முடிந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. குழிக்குள் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். பாயில் இருந்தவன் பொறுமையாக இருந்தான்.

"ஏந்திரு," என்றாள். "இந்தப் புள்ள எந்நேரம் காத்துக்கினு இருக்கும்."

எழுந்து நின்றேன். முகம் மேற்கே, நான் எஸ்தரை வைத்த மாதிரி. கிழக்கே திரும்பினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்த ஒரு நொடியைத் தங்கைக்கு மிச்சப்படுத்தத்தான் ஒருவன் மலையேறிப் போனான். நான் சொன்ன கேலி சரிதான். அவன் போனதும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று ஐயரிடம் கேட்க நினைத்தேன். களைப்பாக இருந்தது. கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் அந்த ஆளை இறக்கினோம். அவள் கால் பக்கம், நான் தலை பக்கம். இந்த முறை அவள்தான் சூரியனைப் பார்த்துச் சரி பார்த்தாள். அடக்க வார்த்தைகளை நான் சொன்னேன். மறந்த பாதி இன்னும் மறந்தேதான் இருந்தது. தெரிந்த பாதியை இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் அத்தை கொட்டகைக்குப் போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். அகப்பையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள். பின்னாடி ஆளுங்க வர்றாங்களாப்பா என்று கேட்டாள். இன்னும் எதற்கு அத்தே என்றேன்.

"அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? வர்றவங்களுக்கு எதிர்ல ஒருத்தராச்சும் நிக்கணும்டா."

மழை தொடங்கும் வரை நின்றாள். அதற்குப் பிறகு வண்டியில் பர்மாக்காரர்கள் வரவில்லை. கொட்டகையைப் பிரித்தார்கள். பிரித்தவர்களுக்கும் அவள் கூழ் ஊற்றினாள்.

1946-ல் அவளைத் திண்டிவனத்தில் வைத்தேன். கயிறு பிடித்து வெட்டினேன். கால் கிழக்கே. வழக்கம் அதுதான். மண்ணைத் தள்ளும்போதுதான் உறைத்தது. கிழக்கே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் அந்த மலை. அவள் எழுந்து நின்றால் நேர் எதிரே அவர்கள் இருப்பார்கள். யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. எஸ்தர் முதல் கூப்பிடலுக்கே எழுந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும்.

இப்போது நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. விழுப்புரம் ஸ்டேஷனில் புதுக் கொடி. அந்த வேலியோரம் மண்மேடுகள் அமுங்கிவிட்டன. மல்லாட்டைக் கடலை போடலாமா என்று ஒருவன் கேட்கிறான். அதனால் எழுதுகிறேன். அங்கே ஆள் இருக்கிறது.

ரங்கூன் ஆலையில், கூட வேலை செய்தவர்கள், பதினொரு பேர்.

மலையில், எஸ்தர். வயது இருபத்திநாலு.

மலையில், சாலமோன். வயது முப்பது. பார்த்தவர் இல்லை.

விழுப்புரம் வேலியோரம், முப்பத்தெட்டுப் பேர். பெயர் தெரிந்தது ஒன்பது. அதில் ஒரு கைக்குழந்தை. எல்லாருக்கும் கால் கிழக்கே.

திண்டிவனத்தில், அத்தை. பெயர் ரூத்தம்மாள்.

சேவல் ஒன்று. பூட்டின வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தோம்.

மம்பட்டி ஒன்று, கருவேலங்காம்பு. அதைத் தொலைந்ததில் சேர்க்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.